எங்கள் வீட்டு எசிட் கேன்

சண்டை நடந்தது வடக்கில். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அது டீவி வழியாகத்தான் வந்தது.

பின்னேரம் சிங்களச் செய்தி தொடங்கும் நேரத்துக்கு, லயத்தில் டீவி இருக்கிற காம்பரா வீடுகளில் எல்லோரும் கூடிவிடுவோம். மொழி ஒரு பிரச்சினையே இல்லை. கரவனெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் சிங்களம் தெரியாமல் ஒரு தேங்காய் கூட வாங்க முடியாது. எந்த ஊர் பிடிபட்டது, எத்தனை பேர் செத்தார்கள் என்று கிரிக்கெட் ஸ்கோர் வாசிப்பதுபோல ஒருவர் வாசிப்பார். பின்னால் மேளம் அடிக்கும். அது முடிந்ததும் ஒரு சின்ன விளம்பரம் வரும். பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் பாருங்கள், பக்கத்து வீட்டுக்குப் புதிதாக யாரும் வந்தால் அறிவியுங்கள் என்று சொல்லும். அதில் சந்தேகத்துக்குரிய ஆளாக நடித்தவனுக்கு நெற்றியில் மெல்லிசாக ஒரு திருநீற்றுக் கீறல் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போகிற நாட்களில் திருநீறு பூசுவதை விட்டார். யாரும் அவரிடம் பூசாதே என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அவர் அப்போது தோட்டத்து வேலையை விட்டிருந்தார். தோட்டத்துக்குக் கீழே கிராமத்தில், மாத்தயா என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுகிற ஒரு சிங்களவருக்கு ரப்பர் காணி இருந்தது. அதில் அரைவாசிப் பங்குக்குப் பால் வெட்டினார். தோட்டத்து வேலைப் பதிவில் என் பெயர் இருந்ததால் லயத்துக் காம்பரா எங்களுக்கு இருந்தது. பால் சேர்த்து, வடித்து, தண்ணீர் கலந்து, அதில் கொஞ்சம் எசிட் விட்டால் தயிர் மாதிரி உறையும். உறைந்ததை மெசினில் கொடுத்துத் தகடு தகடாகச் சீட் அடிக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் அரை ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவன் வீட்டிலும் அந்த எசிட் இருக்கும். மாத்தயா வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடியாடித் திரிந்ததால், "நீயே பத்திரமா வச்சிக்கோ" என்று கேனை என் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தார். அது எங்கள் காம்பராவில் அடுப்புக்கு எதிர்ப்பக்கம், மகளுக்கு எட்டாத பலகையில் இருந்தது.

அன்றைக்குக் காலையில் பொலிசும் ஆமியும் சேர்ந்து லயத்தைச் சுற்றி வளைத்தார்கள். அது புதிதல்ல. கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் இங்கே எங்கள் அரிசி மூட்டையைக் கிளறுவார்கள். ஐடென்டிகார்டைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். இந்தத் தடவை அவர்களோடு ஒரு கெமராக்காரரும் வந்திருந்தார். அவரை எனக்குத் தெரியும். டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாண வீடியோ எடுப்பார். அதோடு ஒரு டீவிக்குச் செய்தியும் அனுப்புவார்.

எங்கள் காம்பராவுக்குள் வந்த பொலிஸ் சார்ஜன்ட் கேனைத் தூக்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அந்த வாசனை அப்படித்தான், மூக்கைப் பிய்த்துக்கொண்டு போகும்.

"மேக்க ரப்பர் எசிட் னே," என்று சிரித்தார். இது ரப்பர் எசிட்தானே என்றார். கேனைத் திரும்பப் பலகையில் வைத்தும் விட்டார். அத்தோடு முடிந்திருக்கவேண்டிய விசயம் அது.

வாசலில் நின்ற கெமராக்காரர் ஆமி ஒபிசரிடம், "சேர், உள்ளுக்கு வெளிச்சம் காணாது. அதக் கொஞ்சம் வெளிய எடுத்து வைப்போமா?" என்று கேட்டார்.

ஒபிசர் சின்ன வயசுக்காரர். அவர் ஊர்ப்பக்கம் ரப்பர் இல்லை போலிருக்கிறது. சரி என்று தலையாட்டினார். முற்றத்தில் ஒரு உரச் சாக்கை விரித்தார்கள். அதன்மேல் கேனை வைத்தார்கள். கேன் மட்டும் தனியாக இருந்தது நன்றாக இல்லையோ என்னவோ, டோர்ச்சிலிருந்த பற்றரியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். பால் வெட்டுகிற கத்தியை வைத்தார்கள். எங்கள் போனை வைத்தார்கள். நான் துணி காயப்போட்டிருந்த கம்பியை, ஈரத்துணியை மண்ணில் தள்ளிவிட்டு அவிழ்த்து, வளையமாகச் சுற்றி அதையும் வைத்தார்கள். என் மகளுடைய பள்ளிக்கூடச் சட்டை மண்ணில் கிடந்தது. கடைசியில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சாக்குக்குப் பின்னால் நிற்கவைத்தார்கள்.

"தலைய நிமித்து," என்றார் கெமராக்காரர். அவர் நிமிர்ந்ததும், "இவ்வளவு வேணாம். கொஞ்சம் குனி," என்றார்.

படம் எடுத்து முடிந்தபின் சார்ஜன்ட் ஒபிசரோடு ஒதுங்கிப் பேசினார். அவர் கையை விரித்து எதையோ விளக்குவது தெரிந்தது. ஒபிசர் சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "படம் எடுத்தாச்சே. இனி எப்படி விட்டுட்டுப் போறது?"

என் வீட்டுக்காரரை ஜீப்பில் ஏற்றினார்கள். காலில் செருப்புக்கூட இல்லை. "சட்டப்படி விசாரிச்சிட்டு விட்டுருவாங்க. பால எடுத்து ஒறைய வச்சிரு," என்றார் என்னிடம். எதை விட்டு உறைய வைப்பது? எசிட்டும் அதே ஜீப்பில்தான் போய்க்கொண்டிருந்தது.

பின்னேரம் செய்தியில் காட்டினார்கள். பக்கத்துக் காம்பராவில் நின்று பார்த்தேன். என் கொடிக்கம்பி திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு தெரிந்தது. பெரிய கட்டடம் ஒன்றைத் தரைமட்டமாக்கக்கூடிய இரசாயனத்தோடு தோட்டத்தில் ஒளிந்திருந்த பயங்கரவாதி சிக்கினான் என்று கணீரென்ற ஒரு பெண்குரல் சொன்னது. ஒளிந்திருந்தானாம். அவர் பிறந்தது அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில். அந்த வீட்டுக்காரம்மா எழுந்து டீவியை நிறுத்தினாள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பெட்டியைத் தூக்கிக் கல்லில் அடிக்கவேண்டும் போலத்தான் இருந்தது.

மறுநாள் சந்திக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் கிராமத்துச் சிங்களப் பெண் ஒருத்தி, நோனா என்போம், நின்றாள். ஒரு போத்தலில் எசிட் வாங்கி, மூடியை இறுக்கிக்கொண்டே முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பார்த்தீங்களா முதலாளி, நம்ம தலைக்கு மேலயே குண்டு செஞ்சிருக்கானுங்க. டீவி காட்டியிருக்காட்டி நம்ம எல்லாரும் செத்திருப்போம்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "நோனா, உங்க கையில இருக்கே, அதேதான் எங்க வீட்டுலயும் இருந்துச்சு. இதே கடையில வாங்கினது. முதலாளியக் கேளுங்க," என்றேன்.

அவள் போத்தலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். "எங்களோடது ரப்பருக்கு."

முதலாளி தலையைத் தூக்காமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருசத்துக்குப் பிறகும் அந்த நோனாமேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவள் பொய் சொல்லவில்லை, அவள் அதை நம்பினாள். தன் கையிலிருப்பது என்னவென்றே தெரியாதபடி ஒரு மனுசியை ஆக்கிவைத்தார்களே, அந்த டீவிக்காரர்கள்மேல்தான் என் கோபம்.

அங்கிருந்து நேரே மாத்தயா வீட்டுக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "வா நங்கி, நானும் பொலிசுக்குத்தான் கிளம்பினேன்," என்று தங்கையைக் கூப்பிடுவதுபோலச் சொன்னார். அவர் நல்ல மனிதர். கூடவே வந்து, பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியான ஓஐசி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தக் கேன் தன்னுடையது என்றும், பேரப்பிள்ளைகளுக்குப் பயந்து தானே கொடுத்து வைத்தது என்றும் சொன்னார்.

ஓஐசி மறுக்கவில்லை. "எனக்கும் தெரியும் மாத்தயா. என் வீட்டுலயும் ரப்பர் இருக்கு. ஆனா விசயம் டீவியில போயிருச்சே! மேலயிருந்து போன் மேல போன். நல்லாச் செஞ்சீங்கன்னு பாராட்டுறாங்க. இப்ப இது ரப்பர் எசிட்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார்.

சார்ஜன்டுக்குத் தெரியும். ஓஐசிக்குத் தெரியும். எசிட் விற்ற முதலாளிக்குத் தெரியும். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் இருக்க, என் வீட்டுக்காரர் மாதக்கணக்கில் ரிமாண்டில் கிடந்தார். நான் வாரா வாரம் சோற்றுப் பார்சலோடு பஸ் ஏறினேன். உள்ளே அவருக்கு டீவியில் வந்தவன் என்றே பெயராகிவிட்டது. அந்தப் பெயருக்காக அடியும் வாங்கியிருக்கிறார். எங்கே பட்டது என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. குளித்துவிட்டு வரும்போது இடது தோளை மட்டும் துவாயால் மூடிக்கொள்வார்.

கடைசியில் கேனில் இருந்தது ரப்பர் உறையவைக்கிற எசிட்தான் என்று கொழும்புப் பரிசோதனையில் எழுதி வந்தது. நீதவான் அதை வாசித்துவிட்டு, "இதுக்கா இந்த மனுசன இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?" என்று பொலிசாரைப் பார்த்துக் கேட்டார். விடுதலை செய்தார்.

அன்று பின்னேரம் லயத்தில் எல்லோரும் செய்திக்குக் காத்திருந்தோம். பிடித்ததைக் காட்டியவர்கள் விட்டதையும் காட்டுவார்கள் என்று நம்பினோம். வானிலை அறிக்கை வரைக்கும் பார்த்தோம். அன்றும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

வந்தது வேறொன்று. அவர் வீட்டுக்கு வந்து, திரும்பவும் காணியில் கத்தி பிடித்த காலத்தில், மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். அப்பாவை மறுபடியும் டீவியில் காட்டினார்களாம். விழிப்பாக இருங்கள், உங்கள் அயலிலும் இருக்கலாம் என்று ஒரு நிகழ்ச்சி. அதில் பழைய படத்தை, அதே கேனை, அதே கம்பியை, குனிந்த அதே முகத்தைப் போட்டிருந்தார்கள்.

நான் ஸ்டூடியோவுக்குப் போனேன். கெமராக்காரர் யாருடைய கல்யாண அல்பத்தையோ ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுது நங்கி. உக்காருங்க."

"உக்கார வரல. அவர விட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நானும் அனுப்பினேன். ஒரு ஆள விட்டது செய்தி இல்லைன்னு கொழும்புல சொல்லிட்டாங்க. அந்த நாள்லயே நான் எசிட்னுதான் எழுதி அனுப்பினேன். இரசாயனம்னு மாத்தினது அவங்க."

"சாக்க விரிச்சது யாரு? என் கொடிக்கம்பிய அவிழ்க்கச் சொன்னது கொழும்பா?"

அவர் பசைத் தூரிகையைக் கீழே வைத்தார். "என்ன செய்யணும்னு சொல்லுங்க," என்றார்.

"எந்தக் கெமராவால எடுத்தீங்களோ அதாலயே வந்து எடுங்க. அவர் எசிட் விட்டுப் பால் ஒறைய வைக்கிறதக் காட்டுங்க. இதுதான் அதுன்னு சொல்லுங்க."

அவர் உண்மையாகவே வந்தார். மாத்தயாவின் மெசினுக்குப் பக்கத்தில் கெமராவை நிறுத்தினார். என் வீட்டுக்காரர் மட்டும் வர மறுத்துவிட்டார்.

"அது முன்னால நான் இனி நிக்க மாட்டேன். நீ வேணும்னா நில்லு," என்று கத்தியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார். அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நான் நின்றேன். தட்டில் பால் ஊற்றி, எசிட் கலந்து, உறைவதைக் காட்டி, சிங்களத்தில் சொன்னேன். இதைத்தான் குண்டு என்று உங்களுக்குக் காட்டினார்கள். என் வீட்டுக்காரர் ஒரு குற்றமும் செய்யவில்லை, கோர்ட்டே சொல்லிவிட்டது. சண்டையை வைத்து எங்களை மிரட்டாதீர்கள். நாங்களும் இந்த நாட்டில் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். மாத்தயா கை தட்டினார்.

அது ஒளிபரப்பானது. சண்டை முடிகிற காலம் அது. பின்னேரச் செய்தியில் என் முகம் வந்தது, கை வந்தது, பால் தட்டு வந்தது. என் குரல் மட்டும் வரவில்லை. அதே கணீரென்ற பெண்குரல், பயங்கரவாதத்தை ஒழிக்கும் போருக்குத் தோட்டத் தமிழ் மக்களும் முழு ஆதரவு தெரிவிக்கிறார்கள் என்றது. என் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அதன்மேல் மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அவரைக் குற்றவாளியாக்க அவர் படம் போதுமாக இருந்தது. என்னைத் தங்கள் ஆளாக்க என் வாயையே எடுத்துக்கொண்டார்கள். இதற்கு நான் யாரிடம் போய் முறையிடுவது? கெமராக்காரருக்குப் போன் எடுத்தேன். "நான் முழுசாத்தான் அனுப்பினேன் நங்கி," என்றார். அதற்குப் பிறகு என் அழைப்புக்கு அவர் பதில் சொல்லவில்லை.

அதற்கடுத்த கிழமை மகளுக்கு மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிளினிக்கில் நீளமான வரிசை. அங்கே வேலை செய்கிற பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு முகம் மலர வந்தாள்.

"நீங்கதானே டீவியில பேசின நங்கி? நாட்டுக்காக நல்லாப் பேசினீங்க. வாங்க, முன்னுக்கு உக்காருங்க."

முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்த முகத்தோடு நகர்ந்து இடம் விட்டார்கள். இந்த மரியாதை எனக்குப் பிறந்த நாளிலிருந்து கிடைத்ததில்லை. மகளை மட்டும் உட்காரவைத்தேன். நான் நின்றுகொண்டே, "அக்கே, நான் அப்படிப் பேசலீங்க. நான் பேசினத அவங்க போடல," என்றேன்.

அவள் முகம் மாறியது. பரவாயில்லை என்று நினைத்தேன். வரிசைக்கே கேட்கும்படி தொடக்கத்திலிருந்து சொன்னேன். சாக்கை, கம்பியை, ரிமாண்டை, தட்டில் உறைந்த பாலை. சிலர் சுவரைப் பார்த்தார்கள். ஒருத்தி, "இப்ப எதுக்கு இதெல்லாம்," என்று முணுமுணுத்தாள். ஓரத்தில் இருந்த ஒரு மனிதர் மட்டும் கையைக் காதுக்குக் குவித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் பால் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன ஆள்.

"எசிட்டா?" என்றார். "நம்ம எசிட்டயா காட்டினாங்க?"

"ஆமாங்க மாத்தயா."

"நான் அதப் பார்த்தேன். பார்த்துட்டு, அந்த ஆளத் தூக்கில போடணும்னு வீட்டுல சொன்னேன்." அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப மத்த நாள்ல காட்டினதெல்லாம்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. என் வீட்டுல நடந்ததுதான் எனக்குத் தெரியும்," என்றேன்.

உள்ளேயிருந்து மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.