சார்ட்டில் அப்பா

மகள் காரைக்குடியில் கல்லூரிக்குப் போகிறாள், சமூகவியல் முதலாம் ஆண்டு. நேற்று சாயங்காலம் சார்ட்டை விரித்துக் குடும்ப வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கெட்ச் பேனா வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு என் எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

அப்போதும் சமூக அறிவியல் பாடத்துக்கு இதே வேலைதான் கொடுத்தார்கள். அப்பா எங்களை விட்டுக் கல்லலுக்குப் போய் வேறு குடும்பம் வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை. சார்ட்டில் வீடு ஒன்று வரைந்து, அதற்குள் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அவரை நிறுத்தி, மீசைக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தேன். துணிக்கடை வேலை முடிந்து வந்த அம்மா குனிந்து பார்த்தாள்.

"உங்கப்பாவ வரையி, வேணாங்கல. ஆனா நம்ம வீட்டுக்குள்ள வரையாத தாயி. அவுக அங்குட்டுத்தான இருக்காக."

"எல்லாரும் சிரிப்பாளுகம்மா."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

அழுதுகொண்டே வேறு சார்ட்டில் எங்கள் இரண்டு பேரை மட்டும் வரைந்தேன்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா எங்க?" என்று கேட்டார்.

"எங்ககூட இல்ல டீச்சர்."

டீச்சர் தலையாட்டினார். படத்துக்குக் கீழே 'தாய் தலைமைக் குடும்பம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்து யாரு?"

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷமாக நான் பயந்தது இவ்வளவுதானா? எங்களைப் போன்ற வீட்டுக்கும் பாடத்தில் ஒரு பெயர் இருந்திருக்கிறது. அன்று மத்தியானம் டிபன் பாக்ஸில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.