மூன்றரை முதல் நான்கரை வரை

முதல் நாள் நான் செய்த ஏற்பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மூன்று மணிக்கே முகம் கழுவி, பவுடர் போட்டு, கல்லூரிக்குப் போன காலத்தில் கட்டிய காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு, படுக்கையறையை உள்பக்கம் தாழிட்டுவிட்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். தொலைநிலைக் கல்வியில் பி.காம் படிப்பவர்களுக்கு இணையத்தில் கணக்கியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பாடம் சனி, ஞாயிறுகளில். புரியாததைக் கேட்பதற்காக, ‘ஆபீஸ் அவர்ஸ், திங்கள் முதல் வியாழன் வரை, மாலை மூன்றரை முதல் நான்கரை வரை’ என்று மாணவர் குழுவில் அறிவித்திருந்தேன். மூன்றரை ஆயிற்று, நான்கு ஆயிற்று. திரையில் என் முகத்தை நானே பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். அந்த வாரம் முழுக்க ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தை நான் சண்டை போட்டு வாங்கியிருந்தேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள் என்றால் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் சின்னப் புதுக்கோட்டையில் ‘சும்மா இருக்கா’ என்றுதான் பொருள். தெருவுக்கே வருகிற கூரியர் பார்சல்கள் என் வீட்டு வாசலில்தான் இறங்கும். திருநெல்வேலிக்குப் போகிற சொந்தக்காரர்கள் வழியில் இறங்கி, ‘நீ வீட்லதான இருப்ப’ என்று காபி குடித்துவிட்டுப் போவார்கள். மாணவர்களோ விடியற்காலையில் ‘மிஸ், முழிச்சிட்டீங்களா’ என்று செய்தி அனுப்புவார்கள். மேலதிகாரி எந்த நேரமும் போனில் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். நான் நம் பக்கத்து நாசரேத்தில், கிறிஸ்தவ வாத்தியார் குடும்பத்தில் பிறந்தவள். மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் ஜெபம் என்று வளர்ந்த உடம்பு இது. எந்த நேரமும் முடியாது, இந்த நேரம் முடியும் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

சண்டை போட்டு வாங்கிய நேரத்துக்கு ஆள் வராவிட்டால் எப்படி இருக்கும்? அடுத்த சனிக்கிழமை வகுப்பில் கொஞ்சம் காரமாகவே கேட்டேன். துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிற ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நான் ஃபீஸெல்லாம் கெட்டிட்டேனே மிஸ். ஆபீஸுக்கு எதுக்கு வரணும்?” எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் பக்கத்தில் ஆபீஸுக்கு வா என்றால் ஒன்று பணம் கட்டச் சொல்வார்கள், இல்லையென்றால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். தானாக யார் வருவார்? அன்றைக்கே பெயரை மாற்றி ‘சந்தேக நேரம்’ என்று போட்டேன். “இது வேற மாதிரில்லா அர்த்தமாகுது” என்று என் கணவர் கிண்டல் செய்தார். ஆகட்டும், ஆள் வந்தார்கள்.

முதலில் வந்தவள்தான் நான் சொல்ல வந்த காயல்பட்டினத்து மாணவி. கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்தி, பெண் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மறுபடி எடுத்தவள். காஸ்ட் அக்கவுண்டிங் என்ற ஒரே ஒரு தாள் அவளை விடாமல் மறித்துக்கொண்டிருந்தது. பதிவுக் காலம் முடிகிற வருடம் அது. இந்தத் தடவை தேறாவிட்டால் அதுவரை எழுதித் தேறிய அத்தனை தாள்களும் வீண். அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை, கேமராவை அவள் திறக்க மாட்டாள். குரல் மட்டும்தான். அந்தக் குரலுக்குப் பின்னால் சந்தில் போகிற பைக்குகளின் ஹாரன் கேட்கும். மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்கும்போது, “ஒரு நிமிஷம் மிஸ்” என்று சொல்லிவிட்டு ஒலியை நிறுத்துவாள். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடங்குவாள். தேய்மானம் அவளுக்குப் பெரிய தலைவலி. “யாருமே எடுக்கல, ஆனா குறைஞ்சுக்கிட்டே போகுது. அது எப்படி மிஸ்?” என்று ஒரு வாரம் முழுக்கக் கேட்டாள். நல்ல கேள்வி என்று சொன்னேன். மறுநாளும் அதையே கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்ததையும் மறைக்கவில்லை.

ஒரு கணக்கு பாதியில் இருக்கும்போது அவள் அடிக்கடி காணாமல் போய்விடுவாள். இணைப்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அதட்டிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. “அவுஹ கூப்பிடுத நேரம் மிஸ் இது” என்றாள். கணவர் சவுதியில் தம்மாமில் ஒரு கிடங்கில் வேலை. அங்கே ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை, நமக்கு அது மூன்றரை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு நல்ல போன். காயல்பட்டினத்தில் கல்யாணத்தின்போது வீட்டைப் பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். அவள் பிறந்த வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். “வீடு எம்பேர்லதான் மிஸ் இருக்கு. அதுல ஒரு மணி நேரந்தான் கிடைக்க மாட்டேங்கு.”

அந்தப் பேச்சு என்னை என்னவோ செய்தது. இனி மூன்றரைக்கு வந்தால் நான்கரை வரை இருக்க வேண்டும், இல்லையென்றால் வராதே என்று சொல்லிவிட்டேன். கடுமையாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் நடுவில் போகவில்லை. நான்கு நாள் கழித்து எனக்கு வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“வணக்கம் டீச்சர். தம்மாம்லேர்ந்து பேசுறேன். உங்ககிட்ட படிக்காள்லா, அவ மாப்பிள்ளை.” சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நானும் தயாரானேன். அவரோ தாழ்ந்த குரலில் பேசினார். “ஒரு மணிக்குத்தான் டீச்சர் எங்களுக்கு சாப்பாடு. அப்பதான் புள்ள மொகத்தப் பாப்பேன். பாத்துக்கிட்டே சாப்பிடுவேன். இங்கன எனக்கு இருக்கது அது ஒண்ணுதான். நீங்க ஒரு மணி நேரம் தள்ளி வச்சீங்கன்னா...” பின்னால் தட்டுகளின் சத்தமும் ஆண்களின் பேச்சும் கேட்டன. என் கோபம் பாதியில் நின்றுவிட்டது. தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன ஆசைப்படுகிறவரிடம் என்ன நியாயம் பேச முடியும்? தள்ளி வைப்பது எனக்குப் பெரிய காரியமும் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் தம்பி என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் அவள் வந்ததும் விஷயத்தைச் சொல்லி, நேரத்தை நான்கரைக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன்.

“மாத்தாதீங்க மிஸ்,” என்றாள். “இப்ப மாத்துனா அடுத்தாப்ல அந்த நேரத்துக்கும் யாருக்காவது ஒரு வேல வரும். மறுக்கா மாத்தணும். எனக்குன்னு ஒரு நேரம் இருக்குன்னு இப்பத்தான் வீட்ல நம்ப ஆரம்பிச்சிருக்காஹ. அவுஹகிட்ட நானே பேசிக்கிடுதேன்.”

பேசினாள். அவருக்கு மனத்தாங்கல். சில நாட்கள் அவர் கூப்பிடவே இல்லை என்று அவள் சொல்லித்தான் தெரியும். அந்த நாட்களில் அவளுக்குச் சாதாரணக் கூட்டல்கூடத் தப்பிப்போயிற்று. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஒரு தாளுக்காக ஒரு குடும்பத்தில் கல்லைப் போடுகிறோமோ என்று யோசித்தேன். ஆனால் நேரத்தை மாற்ற வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. பிறகு ஒருநாள் அவர் காலையில் கூப்பிட்டாராம். வேலைக்குப் போகிற வண்டிக்காகக் காத்திருந்த நேரம் அது. இங்கே மகள் பள்ளிக்கூடம் போகுமுன் இடியாப்பம் தின்றுகொண்டிருந்தாள். அவள் தின்பதை அவர் பார்த்தார். அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. “மத்தியானம் அவ தூங்கி வழிவா மிஸ். காலையிலன்னா வாப்பாட்ட நல்லா கதை பேசுதா” என்றாள். அன்றைக்கு அவளுக்குக் கூட்டல் ஒன்றும் தப்பவில்லை.

அவள் தேறினாள். முடிவு வந்த அன்று, பேச்சு பாதி அழுகை பாதியாக ஒரு குரல் செய்தி வந்தது. நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். அதோடு அவள் சந்தேக நேரத்துக்கு வருவது நின்றது. அவளுக்கு இனி என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை.

அந்த வருடப் பிள்ளைகள் போய்ப் புதுப் பிள்ளைகள் வந்தபிறகு, ஒரு சாயங்காலம் மறுபடி தம்மாமிலிருந்து அழைப்பு. நன்றி சொன்னார். ஊருக்கு வரும்போது பேரீச்சம்பழம் கொண்டுவருவதாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் இழுத்தார்.

“ஒண்ணு கேக்கணும் டீச்சர். காலையில பேசுதோம், அதுல ஒண்ணும் கொறையில்ல. இப்பதான் பாஸாயிட்டாள்லா, மத்தியானமும் ஒருவாட்டி பேசலாம்னு கூப்பிட்டா, மூணரைக்கு மட்டும் எடுக்கவே மாட்டேங்கா. கேட்டா, அது டீச்சர் நேரம்ங்கா. இன்னும் உங்க கிளாஸ் நடக்குதா?”

ஞாயிறுப் பள்ளியில் வளர்ந்தவள் நான். பொய் சொல்லப் போனால் எனக்கு நாக்கு குழறும். அன்று குழறவில்லை.

“நடக்குது தம்பி. நாலரைக்கு மேல கூப்பிடுங்க” என்றேன்.

இந்த வருடமும் என் சந்தேக நேரம் மூன்றரை முதல் நான்கரை வரைதான். வேம்பாரிலிருந்து இரண்டு பேர், துறைமுகத்திலிருந்து ஒருவர் என்று ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். காயல்பட்டினத்துக் குரல் அதில் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் தூங்குகிறாளா, மேலே படிக்கிறாளா, மொட்டைமாடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளா, எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.