ஹாரன் அடித்தீர்களா?

போக்குவரத்துக் கழகத்தில் நான் மாதச் சம்பள வக்கீல். குளச்சல் போன எங்கள் பஸ் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூட்டரில் மோதி, அதை ஓட்டியவருக்குக் கால் ஒடிந்த வழக்கு. ஹாரனே அடிக்கவில்லை என்றார் அவர். தப்பு டிரைவர் மேல்தான் என்றாகிவிட்டால் டிரைவருக்கு வேலையே போகலாம். "அடிச்சேன்னு சொல்லும் ஓய்" என்று டெப்போவில் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கும் அது தெரியும், தெரியாததுபோல் இருந்துகொண்டேன்.

கூண்டில் நின்ற டிரைவரிடம் கேட்டேன். "ஹாரன் அடித்தீர்களா?"

 

"இல்ல சாரே. உள்ள சொகமில்லாத ஆளுவ கெடக்கும்லா? அங்க நான் அடிக்கதே இல்ல. செகண்ட் கியர்ல உருட்டிட்டுத்தான் போனேன். அவருதான் பாக்காம குறுக்க வந்தாரு."

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். நீதிபதி சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு வந்த அன்று முதல் ஆளாகப் போய் வாங்கிப் படித்தேன். நீதிபதி டிரைவரை அப்படியே நம்பியிருந்தார். உடனே டிரைவருக்குப் போன் போட்டு, "வேலைக்கு ஒண்ணும் வராது அண்ணாச்சி" என்றேன்.

 அவர் கேட்டார், "நீங்களும் நான் பொய் சொல்லணும்னுதான் நெனச்சியளா சாரே?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்பம் நாம ரெண்டுபேரும் தப்பிச்சோம்" என்று சிரித்தார்.