லண்டனில் தட்டிய பின்கதவு

கொடைக்கானல் பங்களாக்களில் நான் வரைந்த ஏரிப் படங்களை விற்கப் போனால், துரைமார் காலத்தில் சமையல்கட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். அறுபதுகளில் லண்டனில் ஓர் ஓவியர் விடுதியில் சில மாதங்கள் தங்கி வரைய என்னை அழைத்தார்கள். முதல் நாள் ஊரைச் சுற்றிவிட்டு வந்தவன், பழக்கதோஷத்தில் கொல்லைப்பக்கம் போய்க் கதவைத் தட்டினேன். திறந்த விடுதிக்கார அம்மாள் பதறிப்போனார். நான் விருந்தாளி என்று சொல்லிக் கையோடு முன்வாசலுக்கு அழைத்துப் போனார். அன்றிலிருந்து முன்வாசல் வழியாகவே போய்வந்தேன்.

ஊர் திரும்பியதும், நான் முன்பு படம் விற்ற ஒரு துரையின் பங்களாவை வாங்கியிருந்த மதுரைக்காரர் லண்டன் படங்களைப் பார்க்கக் கூப்பிட்டனுப்பினார். கோட்டு போட்டுக்கொண்டு நேரே முன்படி ஏறினேன். அவரே எதிரே வந்தார்.

"சீமைக்குப் போய்ட்டு வந்ததும் பழசெல்லாம் மறந்துபோச்சாக்கும்? பின்வாசல் பக்கமா வாங்க."

மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. 'வாங்க' என்றுதான் சொன்னார்.