வாத்தியார் பிடித்த விரல்

சென்னியம்மாளின் சிலேட்டைக் கையில் வாங்கிய அரங்கசாமி வாத்தியார் அதை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

குழந்தை 'அ' எழுதியிருந்தாள். சுழியும் வளைவும் காலும் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தன. ஆனால் கோடு நெளிந்து நெளிந்து ஓடியிருந்தது. ஏதோ ஓர் எழுத்தில் மட்டும் அல்ல, சிலேட்டு முழுக்க அதே நெளிவு. அது அவருக்குத் தெரிந்த நெளிவு. அவருடைய வலது கையில் குடியிருப்பது.

தாது வருஷம் (1936) ஆடி மாதம் அது. பெருந்துறைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், ஆறுச்சாமிக் கவுண்டர் தம் களத்தோரம் ஓட்டுக் கொட்டகை போட்டு நடத்திய பள்ளிக்கூடம். ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். கவுண்டரின் கடைக்குட்டிதான் சென்னியம்மாள். ஆனி மாதம்தான் ஒண்ணாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் வாத்தியாருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பிழைத்து எழுந்தது சென்னிமலை ஆண்டவர் போட்ட பிச்சை. ஆனால் காய்ச்சல் போகும்போது கையில் ஒரு நடுக்கத்தை வைத்துவிட்டுப் போயிற்று. சோறு பிசையும்போது அவ்வளவாகத் தெரியாது. எழுதப் போனால் விரல் ஆட ஆரம்பித்துவிடும்.

இதை வெளியில் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. அந்தச் சீமையில் கை நடுங்கினால் கள்ளு என்றுதான் அர்த்தம். கவுண்டரோ கள்ளைத் தொட்டவனைக் களத்துக்குள்ளேயே விடமாட்டார். எழுதத் தெரியாத கையை வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் எப்படி இருப்பது? ஏர் பிடித்துப் பழகியவரும் இல்லை. ஏர் ஓட்டத் துண்டு நிலமும் இல்லை.

அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மறைப்பு கண்டுபிடித்தார். ஒண்ணாம் வகுப்புக்கு முதலில் மணல், எழுத்துப் பழகிய பிறகுதான் சிலேட்டு. மணலில் யார் எழுதினாலும் ஓரம் சரியும், நடுக்கம் தெரியாது. குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைத்துவிடலாம். இரண்டாம் வகுப்பு புத்தகத்தைப் பார்த்துச் சிலேட்டில் எழுதும். மூன்றும் நாலும் அச்சடித்த காப்பி நோட்டின் மேல்வரியைப் பார்த்து மை தொட்டு எழுதும். ஐந்தாம் வகுப்புக்கு எல்லாம் வாய்தான். "நேத்து சந்தைக்குப் போனீங்களே, கண்ணால பார்த்ததை எழுதுங்க சாமிகளா" என்று சொல்லிவிட்டுக் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார். கரும்பலகையை மட்டும் அவர் தொடுவதில்லை. கேட்டால், "கரி பூசணுமுங்க, எழுத்து ஏறமாட்டேங்குது" என்பார்.

வேடிக்கை என்னவென்றால், போன வருஷம் வந்த இன்ஸ்பெக்டர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சொந்தமாக நாலு வாக்கியம் எழுதுவதைப் பார்த்து, இது நல்ல முறை என்று கவுண்டரிடமே மெச்சிவிட்டுப் போனார். அடுத்த தடவை வந்து பலகையில் எழுதிக்காட்டச் சொல்வாரோ என்று அன்று வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

இப்போது சிலேட்டு கையில் இருந்தது.

தம்முடைய சீக்கு விரல் வழியாகக் குழந்தைக்கு இறங்கிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தார். அவள் கை ஆடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

"அம்மணி, அந்தச் சொம்புல தண்ணி மொண்டுட்டு வா கண்ணு. தளும்பத் தளும்ப வேணும்."

மூலையிலிருந்த பானையில் மொண்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"எழுதறப்ப மட்டும் ஏன் கண்ணு இப்பிடி எழுதறே?"

சென்னியம்மாள் அவரை அதிசயமாகப் பார்த்தாள். "நீங்க சொல்லிக்குடுத்தாப்பிடித்தானுங்களே எழுதினேன்."

மணல் கண்ணுக்குத்தான் மறைத்தது. விரலுக்கு மறைக்கவில்லை. மற்ற குழந்தைகள் கோணல்மாணலாக எதையோ கிறுக்கினார்கள். இவள் ஒருத்திதான் வாத்தியார் கை எப்படிப் போயிற்றோ அப்படியே கற்றிருந்தாள். எழுத்து என்றால் ஆடிக்கொண்டுதான் போகும் என்று நம்பியிருந்தாள்.

அந்தச் சமயத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கவுண்டர். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். வாத்தியாரின் கை தானாகத் துண்டுக்குள் போயிற்று.

"ஏனுங்க வாத்தியாரே, ஆடிக்காத்துல ஓடு கீடு பறக்குதான்னு பார்க்க வந்தேன். இன்னும் அந்தப் பலகைக்குக் கரி பூசலீங்களா? கரிக்குப் பஞ்சம்னா சொல்லுங்க, எங்க ஊட்டு அடுப்புல அள்ளிக்கலாம்."

"பூசிடலாமுங்க."

கவுண்டர் அவரை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. என்ற கொழந்தைக்கு ஒடம்புக்கு ஆகலீங்க. கை நடுங்குது. சாப்பிடறப்ப இல்ல, தூங்கறப்ப இல்ல. சிலேட்டுக் குச்சியத் தொட்டாப் போதும், வெடவெடன்னு ஆடுது. சுவத்துல கரியால எழுதிப்போட்டிருக்கறா, பார்த்தா ஈரக்கொலை நடுங்குதுங்க."

வாத்தியார் துண்டுக்குள் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அவங்கம்மா கேட்டதுக்கு, வாத்தியாரு அப்பிடித்தான் எழுதுவாருங்கறா. படிச்ச மனுசன் மேல பழி போடறயான்னு அவங்கம்மா கன்னத்துல ஒண்ணு வெச்சுப்போட்டா. நானும் வெச்சேன். காத்து கருப்புன்னா புத்தியும் கோணிக்குமாமுங்க. மாசாணத்தை வரச்சொல்லியிருக்கறேன். பொழுதோட வந்து மணிக்கட்டுல ஒரு இழுப்பு இழுத்துட்டாச் சரியாப் போயிருமாம்."

மாசாணம் மாட்டுக்குச் சூடு போடுகிறவன். ஆளுக்கும் போடுவான்.

"சின்னக் கொழந்தையாச்சுங்களே..." என்றார் வாத்தியார்.

"எனக்கு மட்டும் வெசனம் இல்லீங்களா? வலி ஒரு நாளு. கை ஆயுசுக்கும் வேணுமே." கவுண்டர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

சொல்லவேண்டிய நேரம் வந்து, எதிரே நின்று, போயும்விட்டது. ஐந்தாம் வகுப்பு எழுதிக்கொண்டு வந்து நீட்டிய சிலேட்டுகளை வாங்கினார். ஒரு எழுத்தும் கண்ணில் ஏறவில்லை. அடி வாங்கிய குழந்தை பொய் சொல்லவில்லை. தம்முடைய மௌனம்தான் அவளைப் பொய்க்காரியாக்கியது. இது தெரியாமல் இல்லை அவருக்கு. தெரிந்தும் கால் நகரவில்லை. வேலை போச்சு, குடிகாரன் என்ற பேர் வந்தாச்சு, மனைவி தெய்வாத்தாளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்றே மனம் ஓடியது.

மணியடித்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போனார். அவர் வேண்டிக்கொண்டது இதுதான்: 'அப்பனே, மாசாணம் வராமலே போகட்டும். அவனுக்கு வேறு எங்காவது வேலை வந்துவிடட்டும். நான் வாய் திறக்காமலே இது தீர்ந்துபோகட்டும்.'

"கும்புடறேனுங்க, வாத்தியாரே!"

திரும்பினார். தோளில் சாக்குப்பை, அதிலிருந்து இரண்டு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்க, மாசாணம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போனான். பிள்ளையார் கேட்டுவிட்டு, மாட்டேன் என்று சொன்னதுபோல இருந்தது வாத்தியாருக்கு. விபூதியை நெற்றியில் வைக்கக்கூட நேரமில்லாமல் அவன் பின்னால் நடந்தார். சிறிது தூரம் போனதும் அவனைத் தாண்டி ஓடினார்.

கவுண்டர் வீட்டு வாசலில் சாணி வரட்டி கனன்றுகொண்டிருந்தது. சென்னியம்மாள் தாயின் மடியில் ஒடுங்கிக் கிடந்தாள். என்ன நடக்கப்போகிறது என்று அதற்குள் தெரிந்துவிட்டது போலும். அழுது ஓய்ந்து விக்கல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வாத்தியாரைக் கண்டதும் தாயின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இன்னும் எதையாவது சொல்லி அடி வாங்கிவைக்க வந்திருக்கிறார் என்று பயந்தாளோ என்னவோ. அதைப் பார்த்ததும் அவருக்கு மற்ற பயமெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கியது. போகவில்லை, ஒதுங்கியது.

"கொழந்தை கைக்கு ஒண்ணுமில்லீங்க. கை ஆடறது எனக்குங்க."

"என்னுங்க?" என்றார் கவுண்டர்.

வாத்தியார் குனிந்து, வரட்டியோரம் கிடந்த சாம்பலைக் கையால் பரப்பி, ஆள்காட்டி விரலால் 'அ' எழுதினார். மூன்று வருஷத்தில் பெரியவர்கள் பார்க்க அவர் எழுதியது அதுதான் முதல் எழுத்து. விரல் வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது. சாம்பல் மணலைப்போலச் சரிந்து மறைக்கவில்லை. நெளிவு நெளிவாக அப்படியே வாங்கிக்கொண்டது. சுவரில் சென்னியம்மாள் கரியால் எழுதியிருந்ததும் அதுவும் அச்சு அசலாக ஒன்று.

"நான் வெரலைப் புடிச்சு எழுதவெச்சேனுங்க. அவ அப்பிடியே கத்துக்கிட்டா. அவ சொன்னது நெசமுங்க."

கவுண்டர் சாம்பலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கள்ளுங்களா?"

"இல்லீங்க. காய்ச்சல்ல வந்ததுங்க. சென்னிமலையான் சத்தியமா."

கவுண்டர் நம்பினாரா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. கவுண்டரம்மா மட்டும் மகளின் கன்னத்தைத் தடவித் தடவி, "என்ற தங்கம், நெசத்தைச் சொன்னதுக்கா அடிச்சுப்போட்டேன்" என்று அழத் தொடங்கினாள். அதற்குள் மாசாணம் வந்து சேர்ந்து பையை இறக்கினான்.

"நெருப்பு நல்லாத்தான் இருக்குது. ஆருக்குங்க இழுக்கோணும்? வாத்தியாருக்குங்களா?"

"நீ கம்முனு போடா!" என்று கவுண்டர் சீறினார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, கனலின்மேல் அவரே ஊற்றினார். புகை கண்ணை மறைத்தது. புகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"வாத்தியாரே, நாளைக்கு விடிஞ்சதும் இங்க வாங்க."

"வாரேனுங்க."

வாத்தியார் வீடு வந்து சேர்ந்தார். தெய்வாத்தாள் ஊர் வாயில் பாதியைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லிப்போட்டேன்."

"அவளுக்குச் சூடு?"

"போடல."

அவள் கையெடுத்துச் சென்னிமலைப் பக்கம் கும்பிட்டாள். "கவுண்டரு என்ன சொன்னாங்க?"

"நாளைக்கு வரச்சொன்னாங்க."

"எதுக்காமா? பள்ளிக்கூடத்துச் சாவிய வாங்கிக்கறதுக்கா, இல்ல..."

"அதைக் கேக்கப் பயமா இருந்துச்சு, தெய்வா. கேக்காமயே வந்துபோட்டேன்."

அவள் அவருடைய வலது கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். அது இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.