பல்வலியும் பகிஷ்காரமும்

ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்திருந்த சமயத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை விழுந்து வீங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு எட்டு வயது.

மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு சபை கூடும். ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, பள்ளிக்கூட வாத்தியாரான சித்தப்பா, பட்டறையில் வேலை பார்த்த கத்தோலிக்க மாமா ஒருவர், இன்னும் இரண்டொரு சிநேகிதர்கள். அபிசீனியா யுத்தம், கள்ளுக்கடை ஒழிப்பு, பொய் சொல்வது எப்போதாவது தர்மமாகுமா என்று எதையும் விடமாட்டார்கள். பெண்களுக்குச் சம உரிமை பற்றி விவாதித்த அன்று அம்மாவுக்குக் காப்பி போட்டு மாளவில்லை.

ஜப்பான்காரன் கடையில் இனி எதுவும் வாங்குவதில்லை என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. எழுந்து நின்று முன்மொழிந்தவர் அப்பாதான்.

அடுத்த ஞாயிறு என் கன்னம் கண்வரை வீங்கி, காய்ச்சலும் கண்டது. அம்மா வைத்த கிராம்புத் தைலம் கேட்கவில்லை. பக்கத்தில் பல் வைத்தியர் ஒருவர்தான் இருந்தார். அவர் ஜப்பான்காரர். விஷயம் சபைக்குப் போயிற்று.

"தீர்மானம் சாமானுக்குத்தானே? வைத்தியத்துக்கு இல்லையே" என்றார் சித்தப்பா.

"காசு யார் கைக்குப் போவுதுன்னு பாருங்க அண்ணே" என்றார் மாமா.

ஓர் அரசாங்கம் செய்யும் பாவத்துக்கு அதன் பிரஜை பொறுப்பாளியா என்று பேச்சு வளர்ந்தது. நான் பாயில் புரண்டு அழுதுகொண்டிருந்தேன்.

"நாளைக் காலையில பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு ராத்திரிதானே" என்று அப்பா முடித்தார்.

அந்த அறைக்குள் பேச்சு நடக்கும்போது அம்மா வந்ததே இல்லை. அன்று வந்தாள். "நீங்க பேசிக்கிட்டிருங்க. நான் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

வைத்தியர் வீட்டுக்கு எதிரே நாங்கள் அரிசி வாங்கும் சீனர் கடை. கடைக்காரரின் மனைவி என் முகத்தைப் பார்த்துப் பதறி, "சாக்கிட்கா?" என்று மலாயில் கேட்டாள். வலிக்கிறதா என்று அர்த்தம். அம்மா என் கன்னத்தைக் காட்டினாள். பிறகு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

வைத்தியர் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். இடுக்கு வழியாக எங்களைப் பார்த்த பிறகுதான் திறந்தார். வயதானவர், வேறு யாரும் இல்லை. நான் அலறின அலறலில் அவர் முகம்தான் வெளுத்தது. பல் வந்தது, சீழும் ரத்தமும் வந்தது, வலி போயிற்று. புறப்படும்போது அவர் பின்வாசலைத் திறந்து அந்த வழியாகப் போகும்படி சைகை செய்தார். அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே தெருவில் இறங்கினாள். பின்சந்தில் சாக்கடை நாறும், அதனால்தான் என்று நினைத்தேன்.

வீட்டில் அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த ஞாயிறு சபையில் மறுபிறவி பற்றிப் பேசினார்கள்.

அந்தச் சீனத்து அம்மாளின் அண்ணன் குடும்பம் சீனாவில் ஜப்பான்காரன் குண்டுவீச்சில் அழிந்துபோன சேதி அந்த வாரம்தான் வந்திருந்தது என்று நான் பெரியவளான பிறகு சித்தப்பா சொன்னார். அம்மாவுக்கு அன்றே அது தெரியுமாம்.

எனக்குத் தெரியாதே. சில நாள் கழித்து அரிசி வாங்க அம்மாவோடு அந்தக் கடைக்குப் போனேன். நான் போனால் கையில் ஒரு புளிப்பு மிட்டாய் வைத்து மூடிவிடுவது அந்த அம்மாளின் வழக்கம். அன்று அவள் அரிசியை அளந்து கொடுத்துவிட்டு, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

"பல்லு பிடுங்கியிருக்குல்ல, அதான் மிட்டாய் தரல" என்று வழியில் அம்மாவுக்கு விளக்கினேன்.

"ஆமா, அதான்" என்றாள் அம்மா.

அந்தச் சீனத்து அம்மாள் இவ்வளவு அக்கறையானவளாக இருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.