நடக்காத குழுவில் அப்பா

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். தொழிலோ பேக்கரியில் கேக் சுடுவது. தினமும் கூட்டமாக நடந்தால் சர்க்கரை குறைகிறதா என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்தார்கள். நடக்கும் குழு, நடக்காத குழு என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்ததில் அப்பா நடக்காத குழுவில் விழுந்தார்.

"ஒப்பிட்டுப் பாக்கணும்ல, நீங்க எப்பவும்போலவே இருங்கண்ணே. அடுத்த வருஷம் உங்களையும் நடக்க விடுவோம்," என்றார் டாக்டரம்மா.

அப்பா தலையாட்டிவிட்டு, அன்றே ஷூ வாங்கிக் கல்லாவுக்கு அடியில் வைத்தார்.

சாயங்காலமானால் நடக்கும் குழு எங்கள் கடையைத் தாண்டிச் சிரித்துக்கொண்டே போகும். அடுத்த வருஷம்தானே தொடப்போகிறார் என்று ஒருநாள் ஷூவுக்குள் க்ரீம் பன்னைத் திணித்து வைத்தேன். அன்று சாயங்காலமே கத்தல் கேட்டது.

"ஏ வாலு! ஷூவுக்குள்ள பன்ன வச்சது யாரு?"

"எலியா இருக்கும்ப்பா."

"எலி பன்னத் தின்னும்டி, பரிமாறாது!"

அப்போதுதான் புரிந்தது. தினமும் அந்த நேரத்துக்கு ஷூவைப் போட்டுக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

"நீயும் கூடப் போயேன்ப்பா. யாருக்குத் தெரியப்போகுது?"

"வாக்குக் குடுத்துட்டேன்டி."

காலையும் ஷூவையும் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, குழு தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தபடியே நின்றார். லேஸ் அவிழ்ந்து கிடந்தது. குனிந்தேன். இரண்டு ஷூவின் லேஸையும் சேர்த்து முடிச்சுப் போடக் கை பரபரத்தது. தனித்தனியாகவே கட்டிவிட்டேன்.